ஒன்றிலிருந்து இரண்டு வரை

படியிலயா ஏறி வந்தீங்க? நாலு மாடியுமா? உக்காருங்க, மொதல்ல உக்காருங்க. அந்த ஓரம் வேணாம், பெஞ்சு ஆடும், இப்படி நடுவுல வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா? மடியில பாட்டில் வெச்சிருக்கீங்களே... ஓ, காலியா. உங்களுது இல்லையா. சரி சரி, இந்தாங்க, என்னுதுல குடிங்க. நான் வாய் வெக்காமதான் குடிப்பேன்.

லிஃப்ட் கம்பெனி ஆபீஸுக்கு வர்றவங்க லிஃப்ட்லதான் வருவாங்க. எதிர்ல பாருங்க, மூஞ்சி தெரியிற மாதிரி தொடச்சு வெச்சிருக்காங்க. அதுல கால் வைக்காம நாலு மாடி ஏறி வர்றவங்க இந்த ஊர்லயே ஒருத்தங்கதான் இருக்க முடியும். நீங்க கணக்கு டீச்சர்தானே?

எப்படித் தெரியும்னா, குரலு. இப்ப பியூன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினீங்கல்ல, அது போதும். உங்க குரலை நான் பதினாலு தடவை கேட்டிருக்கேன். நீங்க மாட்டிக்கிட்டு மணி பட்டனை அமுக்குனதுல இருந்து அந்தப் பெட்டிக்குள்ள பேசுனது அத்தனையும் பதிவாயிருக்கு. மத்தியானம் ஒண்ணு ஏழுல இருந்து ரெண்டு ஆறு வரைக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் கம்மி.

நானா? என்னையும் இதே விசாரணைக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. உள்ள மேனேஜரும் ரெண்டு பெரிய ஆளுங்களும் உக்காந்திருக்காங்க. நாலாம் நம்பர் மெக்கானிக்கை வேலைய விட்டு எடுக்குறதான்னு பேசி முடிக்கப் போறாங்க. பேசுறது என்ன பேசுறது, மேனேஜர் ஏற்கெனவே முடிச்சுட்டாரு. நம்மள எல்லாம் கூப்பிட்டது, கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்குற மாதிரி.

அன்னிக்கு உங்ககிட்ட பேசிச்சே ஒரு குரல், பதமா, இதமா, அது மனுஷி இல்லைன்னு தெரியும்ல? ஏஜெண்ட்டுன்னு சொல்றாங்க. ஏஐ ஏஜெண்ட். வாய் மட்டும்தான் அதுக்கு, கை கால் கிடையாது. கை காலுக்குப் பதிலா டூலுன்னு கொஞ்சம் குடுத்திருக்காங்க. மெக்கானிக்கை அனுப்புறதுக்கு ஒரு டூலு, லிஃப்ட்டை இங்கேருந்தே நிறுத்தி ஓட விடுறதுக்கு ஒண்ணு, தீயணைப்பு ஆளுங்களைக் கூப்பிட ஒண்ணு, புகாரை முடிச்சு மூட ஒண்ணு. மொத்தம் பத்தொம்போது. ஒவ்வொரு டூலுக்கும் பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வெக்கணும். இது எதுக்கு, எப்ப எடுக்கணும், எப்ப தொடக்கூடாதுன்னு. அத படிச்சுத்தான் எதை எடுக்கறதுன்னு அது முடிவு பண்ணும். வேற கண்ணு கிடையாது அதுக்கு. அந்தக் குறிப்பு எழுதுறவ நான்.

ஆமா, அதுக்கு ஒரு வேலை. சம்பளமும் தர்றாங்க. உங்களுக்குச் சிரிப்பு வருதுல்ல, எனக்கும் மொத மாசம் வந்துச்சு.

அதுக்கு முன்னாடி நான் போன் எடுக்குறவ. பதினோரு வருஷம். நாங்க ஆறு பேரு, ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள, காதுல மாட்டிக்கிட்டு. ஏஜெண்ட்டு வந்துச்சு, அஞ்சு பேரை அனுப்பிட்டாங்க. அதைக் கொண்டாந்து வெச்சவன் ஒருத்தன் இருக்கான், இஞ்சினியரு. நாற்காலியில உக்கார மாட்டான், பெரிய ரப்பர் பந்து ஒண்ணு வெச்சிருக்கான், அது மேலதான் உக்காந்து குதிச்சுக்கிட்டே டைப் அடிப்பான். முதுகுக்கு நல்லதாம். நாங்க அவனுக்குப் பந்துன்னே பேர் வெச்சுட்டோம். அந்தப் பந்துதான் மொதல்ல குறிப்பு எல்லாம் எழுதுனது.

எழுதுன லட்சணத்தைச் சொல்றேன் கேளுங்க. லிஃப்ட் நிலைன்னு ஒரு டூலு. பக்கத்துல குறிப்பு: லிஃப்டின் நிலையைக் காட்டும். மெக்கானிக்கை அனுப்புன்னு ஒண்ணு. குறிப்பு: மெக்கானிக்கை அனுப்பும். அடடா! என்ன ஒரு அறிவு! மொட்டைத் தாத்தா குட்டையில விழுந்தான்னு சொல்வாங்கல்ல. எந்தத் தாத்தா, எந்தக் குட்டை, விழுந்தாரா தள்ளி விட்டாங்களா, எந்திரிச்சாரா இல்லையா, ஒண்ணும் கிடையாது. அப்படித்தான் இருந்துச்சு பத்தொம்போதும். கேட்டா, மெஷினுக்குப் புரியும் அக்கா, அது ரொம்பப் புத்திசாலிங்கறான். டேய், புத்தி இருந்து என்னடா பண்றது? உன் வீட்டுக்கு இன்னிக்குக் காலையில வேலைக்கு வந்த ஒருத்தி, உலகத்துல இருக்கற புத்தகம் எல்லாம் படிச்சவளாவே இருக்கட்டும், அதை எடுத்து இதுல போடுன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிட்டா அவ என்ன பண்ணுவா? கையில கிடைச்சதை எடுத்துப் போட்டுட்டு, போட்டுட்டேம்மான்னு சிரிச்சுக்கிட்டு நிப்பா.

அப்படித்தான் ஆச்சு. ஒரு நாள் ஒரு வீட்ல சோபா ஏத்திக்கிட்டு இருக்காங்க, பாதி சோபா உள்ள, பாதி வெளிய, கதவு மூடலைன்னு லிஃப்ட் நிக்குது. போன் பண்ணுனாங்க. ஏஜெண்ட்டு பாத்துச்சு, மீண்டும் தொடங்குன்னு ஒரு டூலு இருக்கு, குறிப்புல லிஃப்டை மீண்டும் தொடங்கும்னு போட்டிருக்கு, சரி தொடங்குவோமேன்னு தொடங்கிடுச்சு. சோபாவுக்குக் காலே இல்லாம போச்சு. தூக்கிக்கிட்டு இருந்தவங்க கை தப்புனது அவங்க செஞ்ச புண்ணியம்.

இன்னொரு நாள் இதை விடக் கூத்து. மேனேஜர் ஏஜெண்ட்கிட்ட சொல்லியிருக்காரு, இந்த மாசம் தீராத புகார் எண்ணிக்கை குறையணும்னு. அது தேடிப் பாத்துச்சு. புகாரை மூடுன்னு ஒரு டூலு இருக்கு. குறிப்பு: புகாரை மூடும். நூத்து நாப்பது புகாரையும் பத்து நிமிஷத்துல மூடிடுச்சு! லிஃப்ட் ஒண்ணு கூட சரியாகல, புகாரு எல்லாம் சரியாயிடுச்சு. மேனேஜர் மேலிடத்துக்குப் பெருமையா ஒரு லெட்டர் வேற அனுப்பிட்டாரு. பழுது பார்த்து முடித்து, வீட்டுக்காரர் சரி என்று சொன்ன பிறகு மட்டும் மூடவும்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதியிருந்தா போதும். அதுக்கு வலிச்சுது அவனுக்கு.

அப்பதான் நான் ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தேன், போன்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டேன்னு சொன்னா நாங்க என்னென்ன கேப்போம், யாரை அனுப்புவோம், யாரை அனுப்ப மாட்டோம்னு. மேனேஜர் படிக்கல. பந்தும் படிக்கல. ஆனா அதை அப்படியே உள்ள ஏத்துனதும் ஏஜெண்ட்டு ஒழுங்கா வேலை செய்ய ஆரம்பிச்சுது. சரி, நீயே எழுதும்மான்னு இந்த வேலையக் குடுத்தாங்க. நாப்பது பக்கம் எழுதுனேன் டீச்சர். இந்த ஆபீஸ்ல அதை முழுசாப் படிச்ச ஒரே ஜீவன் அந்த மெஷின்தான்.

இல்ல இல்ல, பெரிய வித்தை எல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றீங்க, உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. எப்ப எடுக்கணும்னு சொல்லணும், எப்ப எடுக்கக்கூடாதுன்னும் சொல்லணும். எடுத்தப்புறம் என்ன ஆகும், திரும்பி மாத்த முடியுமா முடியாதா, அதைச் சொல்லணும். இது வேணாம்னா வேற எதை எடுக்கறதுன்னு சொல்லணும். எல்லாத்துக்கும் மேல, ஏன்னு சொல்லணும். ஏன்னு சொல்லாத விதி இருக்கு பாருங்க, அது கண்ணு தெரியாதவனுக்குக் காட்டுன வழி மாதிரி. நேராப் போன்னு சொன்னா சுவத்துல முட்டிக்கிட்டும் நேராத்தான் போவான்.

ஒரு உதாரணம் சொல்றேன். மூணாம் நம்பர் மெக்கானிக்குக்கு வண்டி கிடையாது. அதனால மெக்கானிக்கை அனுப்புற டூல்ல நான் எழுதுனேன்: மூன்றாம் நம்பரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டாம், ஏனென்றால் அவரிடம் வண்டி இல்லை, பஸ்ஸில் போய்ச் சேர முக்கால் மணி ஆகும். ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டாரு. ஏஜெண்ட்டு எல்லாரையும் கேட்டுது. மூணாம் நம்பர் சொல்றாரு, நான் இன்னிக்கு மச்சான் வீட்டுக்கு வந்தேன், ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறேன்னு. உடனே அவரையே அனுப்பிடுச்சு! அனுப்பக் கூடாதுன்னு விதி இருக்கு, ஆனா ஏன்னு தெரியும், இன்னிக்கு அந்த ஏன் இல்ல. எங்க மீறலாம்னு அதுக்கே புரிஞ்சுது. எனக்கு அன்னிக்கு ரெண்டு வாய் சோறு கூட எறங்குச்சு.

சத்தம் கேட்டா ஏன் இப்படித் தூக்கிப் போடுது உங்களுக்கு... லிஃப்ட்தான். யாரோ வர்றாங்க. கதவு மூடிடும். ம், மூடிடுச்சு. 

உங்களையும் ஒண்ணு சொல்லணும் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரெக்கார்டிங்ல மொத பத்து நிமிஷத்துல மூணு தடவை பரவாயில்லைன்னு சொல்றீங்க. பரவாயில்ல, நான் காத்திருக்கேன். பரவாயில்ல, லைட்டு எரியுது. பரவாயில்ல, அவங்க மெதுவா வரட்டும். எந்த ஊர்ல டீச்சர் இவ்வளவு மரியாதையா மாட்டிக்கிறாங்க? தீயணைப்புக்குப் போன் போடுற டூலுக்கு என்ன குறிப்பு தெரியுமா? அவசர நிலையில் அழைக்கவும். அவ்வளவுதான். அது பந்து எழுதுனது. அதை மாத்த வுடுடான்னு மூணு தடவை கேட்டேன், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது அக்கா, இஞ்சினியருங்கதான் தொடணும்ங்கறான். அவசர நிலைன்னா என்னடா? எத்தனை நிமிஷம்? மூச்சு எப்படி இருந்தா? ஒண்ணும் கிடையாது. இந்தம்மா பரவாயில்லைங்கறாங்க, அப்ப அவசரம் இல்லைன்னு அது முடிவு பண்ணிடுச்சு.

அப்புறம் முப்பத்தோராம் நிமிஷம்... வேணாமா? சரி, வேணாம்னா சொல்லல. கேக்கறீங்களா? உங்களுக்கே ஞாபகம் இல்லையா? வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சீங்க டீச்சர். பதினேழாம் வாய்ப்பாடு. மெதுவா, யாரையோ தூங்க வெக்கிற மாதிரி. பதினேழேழு நூத்திப் பத்தொம்போதுன்னீங்க. பதினேழெட்டு நூத்தி இருபத்தாறுன்னீங்க. அந்த மெஷின் என்ன சொல்லுச்சு தெரியுமா? மன்னிக்கவும், பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு. வேறு ஏதாவது கணக்கு வேண்டுமா?

ஒரு கணக்கு டீச்சர் பதினேழெட்டு தப்பாச் சொல்றாங்கன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், கணக்கு வரலேன்னா அர்த்தம்? அந்த இடத்துல நான் ரெக்கார்டிங்கை நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். பதினாலு தடவையும் அங்கதான் நிறுத்துனேன்.

துடைச்சுக்கோங்க. என்னுது சுத்தமான கர்சீப்தான்.

மெக்கானிக் எங்க போனாருன்னுதானே உள்ள கேக்கப் போறாங்க. ஒண்ணாம் நம்பர் லீவு. ரெண்டும் மூணும் ஒரு மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு நடு வேலையில நிக்கறாங்க. மிச்சம் நாலு. அவரு இருந்தாரு. உங்க கட்டடத்துல இருந்து ஆறு நிமிஷ தூரத்துல, இதோ கீழ, சாப்பாட்டு ரூம்ல இருந்தாரு. ஏஜெண்ட்டு அனுப்பல. ரெண்டு மணிக்குத்தான் அனுப்புச்சு. டாண்ணு ரெண்டு மணிக்கு, ஒரு செகண்டு கூட முன்னப் பின்ன இல்லாம. ரெண்டு ஆறுக்கு வந்து கதவைத் திறந்தாரு.

மேனேஜரு என்ன சொல்றாருன்னா, நாலாம் நம்பரு தன் போன்ல ஏதோ பண்ணி ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் யாரும் கூப்பிடாத மாதிரி செஞ்சுக்கிட்டு தூங்குறாருன்னு. தினமும் அதே ஒரு மணி நேரம், ஆறு மாசமா, ஒரு அழைப்பு கூட அவருக்குப் போகலயாம். கணக்கெடுத்துட்டாங்க. விளக்கம் கேட்டு நோட்டீஸ் குடுத்தாங்க. அந்த ஆளு என்ன எழுதிக் குடுத்தாரு தெரியுமா? விளக்கம் எதுவும் இல்லை. கீழ கையெழுத்து. மூணே வார்த்தை! கல்லு கூட இதை விட நாலு வார்த்தை சேத்துப் பேசும்.

எனக்கு எரிச்சல் வராம என்ன வரும்? அந்த ஆளைப் பத்தி என்கிட்ட கேளுங்க. எனக்கும் அவருக்கும் ஆகாதுன்னு ஆபீஸ் பூரா தெரியும். வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியத் தொலைச்ச மனுஷன். இன்னிக்கு வர மாட்டேன்ம்பாரு. ஏன் வர மாட்டே? போட்ட செருப்பைக் கழட்டி வெச்சுடுவாரு. வீட்ல ஒரு பல்பு மாத்த மாட்டாரு. ஊருக்கெல்லாம் இருபது மாடிக் குழியில தொங்குற லிஃப்ட் மெக்கானிக்கு, வீட்ல ஒரு ஸ்டூல் மேல ஏற மாட்டாரு! நான் ஏறி மாத்துவேன், கீழ நின்னு வேற எங்கயோ பாத்துக்கிட்டு ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாரு. ஒரு நாள் வந்து, ஸ்கூட்டரைக் குடுத்துட்டேன்னாரு. யாருக்குக் குடுத்தே? யாருக்கோ. ஏன் குடுத்தே? குளிக்கப் போயிட்டாரு. கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் ஊர் சுத்துன வண்டி அது. கட்டிலை இழுத்து சுவத்தோரமாப் போட்டு, சுவத்துப் பக்கமாவே ஒட்டிப் படுத்துக்குவாரு, என்னமோ நான் கடிச்சிருவேன்ங்கற மாதிரி. மொட்டை மாடிக்கு வா, காத்து வாங்கலாம்னா வர மாட்டாரு. ஏன்? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததோட எத்தனை வருஷம் குடித்தனம் பண்றது?

ஆமா டீச்சர். புருஷன்தான். ஒம்போது வருஷம். பிரிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. வேலை ஒரே கட்டடத்துல, அவரு கீழ, நான் மேல. பேச்சு வார்த்தை கிடையாது. பேசிக்கிட்டு இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு.

இருங்க, சொல்ல வந்தது அதுவும் இல்ல. நீங்க குடுத்த புகார்ல ஒரு வரி இருக்கு. நகல் எனக்கும் வந்துச்சு, படிச்சேன். கதவைத் திறந்தவர் என்னை வெளியே கொண்டு வந்தார், தண்ணீர் கொடுத்தார், பிறகு தள்ளாடினார், சுவரைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். நீங்க பாத்ததை எழுதியிருக்கீங்க, தப்பே இல்ல. ஏன் தள்ளாடினாருன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்களும் எழுதல. ஆனா மேனேஜர் இருக்காரே, தள்ளாடினார்ங்கறதைச் சுத்திப் பென்சில்ல ஒரு வட்டம் போட்டு, பக்கத்துல குடியான்னு எழுதிக் கேள்விக்குறி போட்டு வெச்சிருக்காரு. காரணத்தை எழுதாம காலி இடம் விட்டா அப்படித்தான். வர்றவன் போறவன் எல்லாம் அவனவன் காரணத்தை எழுதிட்டுப் போவான். வேலை நேரத்துல குடின்னா தீந்துச்சு. இந்தத் தொழில்ல வேற எவனும் சேத்துக்க மாட்டான்.

அந்த ஆளு ஒரு சொட்டு தொட்டதில்ல டீச்சர். இருமல் மருந்துக்கே மூக்கைப் பொத்துவாரு.

காது. உள்காதுல ஏதோ கோளாறு. தலை சுத்தும், தரை சாயற மாதிரி இருக்குமாம். என்கிட்ட சொன்னாரா? அவராவது சொல்றதாவது. பிரிஞ்ச பிறகுதான் நானே கண்டுபிடிச்சேன். நாங்க போன் எடுத்த ரூம் கீழதான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு ரூம். தினம் ஒரு மணிக்கு வருவாரு. சாப்பிட்டு ஒரு மாத்திரை போடுவாரு. போட்டுட்டு தண்ணி ஃபில்டர் பக்கத்துல தரையிலயே உக்காந்து ஒரு கையை சுவத்துல வெச்சுக்குவாரு. ஒரு மணி நேரம் அப்படியே. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி டூல்ஸ் பையத் தூக்கிக்கிட்டுப் போவாரு. ஒரு நாள் அவரு போனப்புறம் குப்பைக் கூடையில இருந்து மாத்திரை அட்டைய எடுத்து, மருந்துக் கடையில காட்டிக் கேட்டேன். தலை சுத்தலுக்கும்மா, கேக்கும், ஆனா போட்டதும் ஒரு மணி நேரம் ஆளைக் கிறங்க அடிக்கும், அந்த நேரம் ஏணியில கீணியில ஏற விடாதீங்கன்னாரு.

கடை வாசல்லயே நின்னேன். ஸ்கூட்டரு. பல்பு. மொட்டை மாடி. சுவத்தோரக் கட்டிலு. ஒண்ணு ஒண்ணா வந்துச்சு டீச்சர். கூட்டிப் பாத்தா விடை வருது, ஆனா பரீட்சை முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு.

கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மத்த நேரம் ரெண்டு ஆளு வேலை செய்யறவரு, அதெல்லாம் யாரு பாக்குறா. கீழ மோட்டார் பட்டறைக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்திருக்காரு, அதுலயும் காரணம்ங்கற இடத்துல ஒரு கோடு போட்டிருக்காரு, மகராசன். அது அடுத்த மாசம் வருதுன்னு சொல்றாங்க. அங்க குழியும் இல்ல ஏணியும் இல்ல. ஒரு மாசம் ஓட்டிட்டா போதும்.

என்ன பாக்குறீங்க? அதான். நீங்க கணக்கு டீச்சர், உங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

அந்த வரிய எழுதுனது நான்தான்.

மெக்கானிக்கை அனுப்புற டூலு, மூணாவது பக்கம், கடைசிக்கு முந்துன வரி. நான்காம் நம்பரை மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அனுப்ப வேண்டாம். அத்தோட முற்றுப்புள்ளி. அவருக்கே தெரியாது. ஒரு மணி நேரம் நிம்மதியா உக்காரட்டும்னு எழுதுனேன். நாப்பது பக்கத்துல ஏன்னு எழுதாத ஒரே வரி அது. ஏன்னு எழுதுனா அவரு போயிடுவாரு. எழுதாம விட்டேன், நீங்க மாட்டிக்கிட்டீங்க. ஏனென்றால் அவருக்கு உடம்புக்கு முடியாதுன்னு நாலு வார்த்தை இருந்திருந்தா, அந்த மெஷின் யோசிச்சிருக்கும். சரி, இவரு வேணாம், உள்ள ஒரு அம்மா பதினேழாம் வாய்ப்பாடு தப்பாச் சொல்றாங்க, ஆபீஸ்ல இருக்கற மனுஷங்களைக் கூப்பிடுவோம்னு தேடியிருக்கும். இல்லாட்டி இவரு வேணாம்னா என்னைக் கூப்பிடுன்னாவது எழுதியிருக்கலாம். நான் தொட்ட மத்த பதினேழு டூலுக்கும் எழுதுனேன். இதுக்கு எழுதல. எழுத உக்காந்தா, இவருக்கு ஏன் தனியா ஒரு ஏற்பாடுன்னு எவனாவது கேப்பானோன்னு பயம். எவன் படிச்சான்? ஒருத்தனும் படிக்கல. நானே பயந்து நானே விட்டுட்டேன். பந்தைச் சொல்றேன், மேனேஜரைச் சொல்றேன். அவன் எழுதுன அவசர நிலையும் என் ஒன்றிலிருந்து இரண்டு வரையும் ஒரே தட்டுல வெச்சா எது கனம்னு எனக்குத் தெரியாதா?

உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. ஒரு மணி நேரம் உள்ள நின்னவங்க நீங்க. மன்னிப்பு எல்லாம் கேக்க மாட்டேன், அது சும்மா வாய் வார்த்தை. ஏன்னு தெரிஞ்சுக்கற பாத்தியதை உங்களுக்குத்தான் இருக்கு, உள்ள இருக்கற மூணு பேருக்கும் இல்ல.

உள்ளயா? உள்ள நான் வேற சொல்லப் போறேன். மூணாம் பக்கத்தைத் திறந்து காட்டிட்டு, ஆமா, வேணும்னேதான் எழுதுனேன், பழைய பகை, அந்த ஆளுக்கு அழைப்பே போகாம பண்ணி வேலை செய்யாதவன்னு பேரு வாங்கிக் குடுக்கணும்னு எழுதுனேன்னு சொல்லப் போறேன். நம்புவாங்களாவா? நல்லாக் கேட்டீங்க. மூணு வருஷமா இந்த ஆபீஸ்ல காப்பி மெஷின் பக்கத்துல நின்னு அவரைத் திட்டாத நாள் கிடையாது. அதுக்காவது ஒரு பிரயோஜனம் வரட்டும். எனக்கா? எனக்கு என்ன, வேலை போகும். போன் எடுக்குறவளுக்கு வாய் இருக்கு, பொழைச்சுக்குவேன். பத்தொம்போது டூலையும் பந்து எழுதட்டும். புகாரை மூடும், லிஃப்டைத் தொடங்கும், மெக்கானிக்கை அனுப்பும்... நல்லா எழுதட்டும்.

நீங்க என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். தள்ளாடினாரான்னு கேப்பாங்க. தள்ளாடினாரு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் தரையில உக்காந்துட்டு, அழைப்பு வந்ததும் உங்க கட்டடத்துல ஏழு மாடி ஏறி ஓடியிருக்காரு. யாரு தள்ளாட மாட்டா? நீங்க இன்னிக்கு நாலு மாடி ஏறினதுக்கே பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்தீங்க. அதுக்கு மேல உங்க மனசு.

என்னையா மொதல்ல? சரி, வர்றேன்னு சொல்லுங்க. செருப்பைப் போட்டுக்கிறேன்.

அந்தப் பாட்டில்... குடுத்துட்டுப் போகலாம்னு கொண்டு வந்தீங்களா? அன்னிக்கு உங்களுக்குத் தண்ணி குடுத்தது இதுதானே. தெரியும். அடியில ஒரு ஒடுக்கு இருக்கும் பாருங்க, கை தவறிக் கீழ போட்டது நான். வாங்குனதும் நான்தான். இறங்கும்போது படியிலயே இறங்குங்க, கடைசிப் படிக்குப் பக்கத்துல சாப்பாட்டு ரூம். மணி ஒண்ணு இருபது, ஃபில்டர் பக்கத்துல தரையில உக்காந்திருப்பாரு. எழுப்பாதீங்க. பக்கத்துல வெச்சுட்டுப் போயிடுங்க. யாரு கொண்டு வந்தாங்கன்னு கேக்க மாட்டாரு. ஏன்னு கேக்குற பழக்கமும் அந்த ஆளுக்குக் கிடையாது.